கடைசிப் பெட்டி

அக்டோபர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை தேவதாசனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி தேவதாசனுக்கே தெரியாது. பாளையங்கால்வாயை ஒட்டிய ஒரு தெருவில், ஞானையா வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இருபது பேருக்கு மட்டும் தெரியும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அவன் அக்கா சபீதாவும் தலையைக் குனிந்தபடி அதையே சொன்னாள்.

நடந்தது இதுதான். அந்தத் தெருவில் மாதத்துக்கு ஒரு முறை கூட்டு ஜெபம் உண்டு. வீடு வீடாக முறை வரும். நடை ஓரத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதில் போட்டுவிடலாம். கூட்டத்தின் நடுவில் ஒரு பிள்ளை சீட்டுகளை எடுத்து வாசிக்கும். பெரியவர்கள் வாசித்தால் வாசிக்கும்போதே முகம் மாறிவிடும், எழுதியவருக்குக் கூச்சமாகிவிடும். பிள்ளை வாசித்தால் முகம் மாறாது என்பது ஜெபத்தை நடத்தும் ஞானையாவின் கணக்கு. அன்றைக்கு வாசித்தது ரீபா. மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. சீட்டைப் பிரித்து, "தம்பி தேவதாசனுக்கு வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று தண்ணீர் ஓடுவதுபோலச் சொன்னாள். எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ரீபாவின் அப்பா ஹெப்ரானைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஹெப்ரானுக்கு உள்ளுக்குள் பலூன் ஊதியதுபோல இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெபம் முடிந்ததும் டப்பா அடுத்த முறைக்காரர் வீட்டுக்குப் போகும். மாதம் முழுவதும் அவர்கள் அந்தச் சீட்டுகளை வைத்து தினமும் ஜெபிக்க வேண்டும். அடுத்த முறை ஹெப்ரானுடையது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், நான்காவது சீட்டில் நின்றான். நீல மையில் சபீதாவின் சாய்ந்த கையெழுத்து:

'என் தம்பி தேவதாசன் வேலைக்குப் போன இடத்திலிருந்து இரண்டு வருடமாகப் பேசவில்லை. ஒரு முறையாவது பேச வேண்டும்.'

ஹெப்ரான் அதை மூன்று தரம் வாசித்தான். தம்பி சரி. தேவதாசன் சரி. வேலை என்ற சொல்லும் இருக்கிறது. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது?

மூன்றாவது வீடுதான் சபீதாவுடையது. அவள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஹெப்ரான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான்.

"தெரியும் அண்ணாச்சி," என்றாள் அவள். "நான் எழுதினது எனக்குத் தெரியாதா? காலையில இருந்து ரெண்டு பேரு வந்து கேட்டுட்டாவ, தம்பிக்கு வேலை கிடைச்சிருக்கு, அல்வா எங்கன்னு."

"அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்." கீரைக் காம்பை விரலில் சுற்றினாள். "ஆனா எல்லாரும் சேந்து ஸ்தோத்திரம்னு சொல்லும்போது, ஒரு நிமிசம் எனக்கே அது நிசம் மாதிரி இருந்திச்சி. அவன் நல்லாருக்கான், சம்பாதிக்கான், இப்ப போன் வரப் போகுதுன்னு. அத எப்படிக் கலைக்க?"

கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஹெப்ரான் அதைப் பார்த்தபடி கேட்டான்.

"அடுத்த மாசம் எங்க வீட்டுலதான். அந்தச் சீட்டைச் சரியா வாசிக்கச் சொல்லட்டுமா?"

"வாசிக்கத்தான எழுதினேன்," என்றாள் சபீதா. "ஆனா பிள்ளைய வையாதீங்க."

ஹெப்ரானுக்கு வைகிற எண்ணமே இல்லை. அவனுக்கு ஒரு புதிர்தான் இருந்தது. அவன் திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில் கேட் கீப்பர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற ஆள். வீட்டில் தினமும் மாலை ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக முறை வைத்து வாசிப்பார்கள். அதில் ரீபா ஒரு எழுத்துகூடப் பிசகியதில்லை. அங்கே பிசகாத பிள்ளை இங்கே மட்டும் எப்படிப் பிசகினாள்?

அன்றைய ஜெபத்தில் அவன் ஒரு காரியம் செய்தான். எப்போதும் முதல் வசனம் அவனுக்கு, இரண்டாவது அவன் மனைவி பிரிஸில்லாவுக்கு, மூன்றாவது ரீபாவுக்கு. "இன்னைக்கு ரீபா தொடங்கட்டும்," என்றான்.

ரீபா புத்தகத்தைப் பார்த்தாள். விரல் முதல் வரியில் இருந்தது. வாய் மூன்றாவது வசனத்தைத் தெளிவாக, இனிமையாக, ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்தது.

பிரிஸில்லா கண்ணைத் திறந்தாள். விரலைப் பார்த்தாள், மகளின் வாயைப் பார்த்தாள். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரீபா மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இன்னைக்குள்ள பகுதிய ஒருக்கா வாசிம்மா, நீ வாசிச்சா நல்லாருக்கு" என்று கேட்பாள். அம்மாவும் பெருமையோடு வாசிப்பாள். மூன்று, ஆறு, ஒன்பது என்று தன் பங்குக்கு வரும் வசனங்களைப் பிள்ளை எண்ணி எண்ணிக் காதில் வாங்கி வைத்திருக்கிறது.

"இத்தன மாசமா இவ புத்தகத்த வாசிக்கல," என்றாள் பிரிஸில்லா மெல்ல. "என் வாயத்தான் வாசிச்சிருக்கா!"

ரீபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹெப்ரான் அவளை மடியில் இழுத்துக்கொண்டான்.

"ஏட்டி, மூணும் மூணும் ஆறுன்னு கூட்டி மனசுல வச்சிருக்கியே, இதுக்கு வாசிக்கதே லேசுலா?"

"லேசு இல்லப்பா," என்றாள் ரீபா அவன் சட்டைப் பித்தானைத் திருகியபடி. "வாசிச்சா நேரம் ஆகும். எல்லாரும் என்னயவே பாப்பாங்க. கிட்டப் போனா எழுத்தெல்லாம் கொக்கு மாதிரி பறந்திரும். சொல்லிட்டா சட்டுனு முடிஞ்சிரும்."

மறுநாள் முதல் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து நிமிடம். பதினொன்றாவது நிமிடம் கிடையாது. ரீபா கெஞ்சினாலும் கிடையாது. இதற்குமுன் யாரும் உரக்க வாசிக்காத ஒன்றைத்தான் வாசிக்க வேண்டும். அதனால் ஹெப்ரானே டியூட்டி முடிந்து வரும்போது ஐந்தாறு வரி எழுதிக்கொண்டு வருவான். 'இன்று கேட் அருகே ஒரு மயில் நின்றது. ரயில் வந்தும் அது நகரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.' ரீபா வாசிப்பாள்: 'இன்று கேட் அருகே ஒரு மயில் நின்றது. ரயில் வந்ததும் அது நகர்ந்தது.'

அவன் குறுக்கே பேச மாட்டான். சிவப்பு மையில் வட்டம் போட மாட்டான். தப்பு வந்த சொல்லை மட்டும் தன் நோட்டில் எதிரெதிரே எழுதி வைத்தான்: தாளில் இருந்தது இந்தப் பக்கம், வாயில் வந்தது அந்தப் பக்கம். ஒரு வாரம் கழித்து அந்த நோட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, மூடுபனி விலகி அக்கரை தெரிவதுபோல ஒன்று தெரிந்தது. நாற்பது தப்புகளில் முப்பதுக்கு மேல் சொல்லின் பின்பாதியில்தான். கேட்டாள் என்பது கேட்டான். போகவில்லை என்பது போனது. வந்தும் என்பது வந்ததும். தலை எல்லாம் சரி. வால்தான் கற்பனை.

தமிழ்ச் சொல்லின் சங்கதியே அதுதான். என்ன நடந்தது என்பதைத் தலை சொல்லும். யார், எப்போது, நடந்ததா நடக்கவில்லையா என்பதையெல்லாம் வால்தான் சொல்லும். தலையைப் பார்த்துவிட்டு ஓடுகிற கண்ணுக்கு, போனவனும் போகாதவனும் ஒன்றுதான். பேசியவனும் பேசாதவனும் ஒன்றுதான்.

ஹெப்ரான் பழைய காலண்டர் அட்டையை எடுத்து நடுவில் ஒரு சின்ன சன்னல் வெட்டினான். அதை வரியின்மேல் வைத்து நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஓர் எழுத்து மட்டும் தெரியும். கண் முன்னால் ஓட முடியாது. முதல் நாளே அது மக்கர் பண்ணியது. 'கொக்கு' என்ற சொல்லில் ரீபா நின்றுவிட்டாள்.

"அப்பா, சன்னல்ல ஒண்ணுமே இல்ல. ஒரு கொம்பு மட்டும் நிக்கி."

அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். தப்பு அவனுடையது. ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், நடுவில் க இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். கண்ணுக்கு முதலில் வருவது நாக்குக்குப் பிறகுதான் வரும். இத்தனை வருடமாக எழுதுகிறோம், இந்த வேடிக்கையைக் கவனித்ததே இல்லையே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. சன்னலை அகலமாக வெட்டினான். இப்போது 'கொ' முழுதாகத் தெரிந்தது. ரீபா அட்டையைப் பைய நகர்த்தினாள். கொ. க். கு. சன்னலுக்குள் கொக்கு பறக்காமல் நின்றது.

எழுதுவதற்கு வேறு வழி. அவளே தப்பு விட்ட சொற்களில் ஒரு நாளைக்கு ஐந்து. பார்க்க வேண்டும், மூட வேண்டும், மனதில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும், திறந்து எழுத்து எழுத்தாக அவளே சரிபார்க்க வேண்டும். அப்பா திருத்த மாட்டார். வெயில் அடித்த நாட்களில் முற்றத்து சிமென்ட் தரையில், விரலைத் தண்ணீரில் தொட்டு எழுதினாள். நாலாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து காய்ந்து மறைந்திருக்கும். முழுச்சொல்லும் கண்ணுக்குள்ளே இருந்தால்தான் முடிக்க முடியும். 'தாமிரபரணி' என்று எழுதுவாள். ஆறு தலையிலிருந்து வற்றிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு ணி மட்டும் ஈரமாக மின்னும். தைப்பதை நிறுத்திவிட்டு பிரிஸில்லா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற வந்து உட்கார்ந்தால், "ஏட்டி, குண்டாளு வந்து பெஞ்சில இருக்கான் பாரு" என்பாள். ரீபா சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் அவனை அழிப்பாள்.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. இரண்டாவது வாரம் அட்டையைத் தூக்கி எறிந்தாள். ஒரு நாள் முழு ஐந்து சொல்லும் தப்பு. இன்னொரு நாள் மூன்று வரி வாசிக்கவே பத்து நிமிடமும் போயிற்று. ஆனால் மூன்று வரியும் சரி. "முந்தி வேகமா வாசிச்சேன், இப்ப நத்தை ஆயிட்டேன்," என்று அழுதாள். தண்ணீர் பாய்ச்சுகிற வாய்க்காலில் முதலில் கரையைத் திருத்த வேண்டும், பிறகு வேகம் தானே வரும் என்று ஹெப்ரான் சொல்லிப் பார்த்தான். அவள் நம்பவில்லை. சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பிஸ்கட் டப்பா அலமாரியின்மேல் இருந்தது. கடந்து போகும்போதெல்லாம் ரீபா அதைப் பார்க்காமல் போனாள். அப்படிப் பார்க்காமல் போவது ஹெப்ரான் கண்ணில் பட்டது.

மூன்றாவது சனிக்கிழமை அவள் அம்மாவோடு அப்பாவுக்குச் சோறு கொண்டு கேட்டுக்குப் போனாள். அதிகாலை மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் வாழை. இலைகளிலிருந்து ஆவி எழும்பி, உலகம் பாதி கனவாக நின்றது. ஸ்டேஷனிலிருந்து போன் அடித்தது. ஹெப்ரான் வரப்போகும் ரயிலுக்கான ஓர் எண்ணைக் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதி, கேட்டைச் சாத்தினான். பச்சைக் கொடியோடு போய் நின்றான். தூரத்தில் ஒரு விசில். ஆவிக்குள்ளிருந்து எஞ்சின் வந்தது, பெட்டி பெட்டியாக ரயில் வந்தது, சன்னல் சன்னலாக முகங்கள் போயின. ரீபா எஞ்சினுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அப்பா திரும்பவில்லை. கடைசிப் பெட்டி கடக்கும் வரை அசையாமல் பார்த்தான். அதன் முதுகில் மஞ்சளாக ஒரு பெரிய பெருக்கல் குறி இருந்தது. அது ஆவிக்குள் மறைந்த பிறகுதான் கொடியைச் சுருட்டினான்.

"எதுக்குப்பா கடைசிவரைக்கும் பாக்கீங்க? ரயிலுதான் வந்திட்டே?"

"வந்திட்டுன்னு எப்படிச் சொல்லுத?"

"எஞ்சின் வந்திச்சே."

"நடு வழியில பெட்டி கழண்டு நின்னுட்டுன்னு வச்சுக்கோ. அப்பவும் எஞ்சின் வரும். முன்னாடி மட்டும் பாத்தவன், ரயில் வந்திட்டுன்னு கேட்டைத் திறந்திருவான். பாதி ரயில் பின்னாடி தண்டவாளத்துல நிக்கும், அதுல ஆள் இருக்கும். அந்த மஞ்சக் குறி கடைசிப் பெட்டியில மட்டும்தான் இருக்கும் மக்ளே. அதப் பாத்தாத்தான் முழு ரயிலும் வந்திட்டுன்னு அர்த்தம்."

ரீபா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரயில் போன பிறகும் அதற்குள் ஒரு மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அது அடங்கியதும் கேட்டாள்:

"அப்பா, அன்னைக்கு நான் வாசிச்சேன்லா, சபீதா அத்தை சீட்டு. அதுல கடைசிப் பெட்டி வந்திச்சா?"

ஹெப்ரான் பொய் சொல்லவில்லை. "வரல மக்ளே."

"எனக்குத் தெரியும். நான் பாக்கவே இல்ல. தம்பின்னு இருந்திச்சி, வேலைன்னு இருந்திச்சி." அவள் குரல் உள்ளே போயிற்று. "அதுல ஆள் இருந்தாங்களா?"

அவன் அவள் தலையில் கை வைத்தான். "வீட்டுக்கு வந்ததும் சீட்டைத் தருதேன். நீயே வாசிச்சுப் பாரு."

"இப்ப வேண்டாம்." ரீபா வேகமாகத் தலையாட்டினாள். "இப்பத் தந்தா மனப்பாடம் ஆயிரும். அன்னைக்கே தாங்க."

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஹெப்ரான் வீட்டு முன்னறையில் நனைந்த குடைகளும், பாயும், ஆட்களுமாக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சபீதா தையல் மிஷின் பக்கத்தில் இருந்தாள். பாட்டு முடிந்தது. ஞானையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யாருவே சீட்டு வாசிக்கது?" என்றார்.

"நான் வாசிக்கேன் பெரியப்பா," என்று ஐந்தாம் வகுப்பு எபி எழுந்தான். "இவ போன மாசமே வாசிச்சிட்டா."

"நான் வாசிச்சது சரியில்ல," என்றாள் ரீபா.

அவள் எழுந்து அப்பாவிடம் கை நீட்டினாள். ஹெப்ரான் டப்பாவிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் பாவாடை மடிப்பிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்தாள்.

"இது போன மாசத்துச் சீட்டு. நான் பாக்காம சொல்லிட்டேன். இப்பப் பாத்து வாசிக்கேன்."

சீட்டை மடியில் விரித்தாள். அட்டையை வைத்தாள். கையெழுத்து சாய்ந்திருந்ததால் சன்னலையும் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்... தம்பி... தேவதாசன்..." நின்றாள். "வே... லைக்... குப். வேலைக்குப் போன..."

"இடத்தில்," என்றான் எபி, எட்டிப் பார்த்து.

"ஏலே, பைய," என்றார் ஞானையா. "அவ வரட்டும்."

மூடிய கேட்டுக்கு முன்னால் வண்டிகள் நிற்பதுபோல எல்லோரும் காத்திருந்தார்கள். மழை ஓட்டின்மேல் நடந்தது. கால்வாயில் தண்ணீர் கனத்து ஓடியது. பிரிஸில்லாவின் உதடுகள் மகளுக்கு எடுத்துக்கொடுக்கத் துடித்தன. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இடத்... திலி... ருந்து. இரண்டு வரு... டமா... கப். பேச..." சன்னல் அங்கே நின்றது. ரீபா நிமிர்ந்து சபீதாவைப் பார்த்தாள். எல்லோரும் கேட்க ஆசைப்படும் வார்த்தை அவள் வாயில் தயாராக இருந்தது. பேசினான் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். பிறகு குனிந்து அட்டையை நகர்த்தினாள். "வி. ல். லை. பேசவில்லை."

யாரோ மூச்சை விட்டார்கள்.

"ஒரு முறை... யா... வது. பேச. வேண். டும்." அட்டை தாளின் ஓரத்தைத் தாண்டியது. "அவ்வளவுதான். முழுசும் வந்திட்டு."

சபீதா அழவில்லை. சீட்டில் எழுதியிருந்ததை ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாக அவளும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள் போல. கடைசி எழுத்தில் அவள் உதடும் மூடியது.

"அப்ப நாம ஒரு மாசம் முன்னாலயே ஸ்தோத்திரம் சொல்லிட்டோமாக்கும்," என்றார் ஞானையா, தொண்டையைச் செருமியபடி. சபீதாவே முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் கண்ணை மூடினார்கள். இந்த முறை ஜெபம் தேவதாசனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வருவதற்காக நடந்தது.

சுக்குக் காப்பி குடித்து எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு போன பிறகும் சபீதா போகவில்லை. ரீபா பக்கத்தில் வந்து குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் அனுப்புனா அவன் பாக்க மாட்டக்கான். நீ ஒண்ணு எழுதித் தாரியா? போட்டோ எடுத்து அனுப்புதேன். யார் எழுத்துன்னு பாக்கவாவது திறப்பான்லா."

"என்ன எழுத அத்தை?"

"நீ இப்ப வாசிச்சியே. அதேதான். கொஞ்சம் மாத்தி, அவன்கிட்ட சொல்லுத மாதிரி."

ரீபா நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். பென்சிலை இறுகப் பிடித்து, மனதுக்குள் ஒவ்வொரு சொல்லையும் முழுதாகப் பார்த்துக்கொண்டு எழுதினாள். 'தேவதாசன் சித்தப்பா, சபீதா அத்தை இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள். ஒறு முறையாவது பேசுங்கள்.'

ஹெப்ரான் கதவோரம் நின்று பார்த்தான். ஒரு சொல்லில் குண்டாளு வந்து உட்கார்ந்திருந்தான். சரிபார்ப்பது அவள் வேலை. சபீதா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"பொறுங்க அத்தை," என்றாள் ரீபா.

அவள் காலண்டர் அட்டையை எடுத்து முதல் வரியின் தலையில் வைத்தாள். சன்னல் நகர்ந்தது, நின்றது. ரப்பரால் ஓர் எழுத்தை அழித்து, சின்ன ர ஒன்றை அங்கே உட்கார வைத்தாள். சபீதா போனை இறக்காமல் காத்திருந்தாள். வெளியே மழை விட்டு, ஓட்டு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சன்னல் மறுபடி நகர ஆரம்பித்தது, பைய, எழுத்து எழுத்தாக, கடைசிச் சொல்லின் வால் வரைக்கும்.